கீழறையில் ஐந்து டிகிரி

சிங்கப்பூர்
10 பிப்ரவரி 2002

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும் ஸௌம்யா சேவித்து எழுதுவது. நானும் ஸ்ரீகரும் இங்கே சௌக்கியம். மாமா, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால், "காது கேட்கலை, காகிதத்துல எழுது" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இது நமக்குள் மட்டும். அம்மாவுக்குத் தெரிந்தால் மயிலாப்பூரில் அவள் அழுகிற சத்தம் இங்கே கேட்கும். ஸ்ரீகருக்கு ஒரு வருஷமாக ஒயின் பைத்தியம் பிடித்திருக்கிறது. குடிப்பது என்னவோ சனிக்கிழமைக்கு அரை கிளாஸ்தான். சேர்ப்பதுதான் ஜாஸ்தி. கட்டிலுக்கு அடியில் புட்டிகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. பெருக்கும்போது துடைப்பம் பட்டால் கிணுங்குகின்றன. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அவை கெட்டுப்போய்விடுமாம்.

அதற்கென்றே ஒரு ஃபிரிட்ஜ் விற்கிறார்கள். ஒரே பெட்டியில் இரண்டு அறை. மேலே சிவப்பு ஒயினுக்கு மிதமான குளிர், கீழே வெள்ளை ஒயினுக்கு நல்ல குளிர். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக டிகிரி வைத்துக்கொள்ளலாம். கடையில் ஐந்தாறு மாடல் இருக்கிறது. எதை வாங்குவது என்று எங்களுக்குள் தினமும் சண்டை. நீங்கள் மின்சார வாரியத்தில் இருந்தவர். பெட்டியின் முகத்தைப் பார்த்தே அது உழைக்குமா, ஏமாற்றுமா என்று சொல்லிவிடுவீர்கள். படம் போட்ட காகிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். மாமி கண்ணில் பட்டுவிடப் போகிறது, ஜாக்கிரதை.

உங்கள்
ஸௌம்யா


சின்ன காஞ்சிபுரம்
24 பிப்ரவரி 2002

சிங்கப்பூர் சீமையைச் செங்கோலோச்சும் சௌபாக்கியவதி ஸௌம்யாவுக்கு, வரதன் கடாட்சத்தால் மாமா கிருஷ்ணஸ்வாமி மனசார ஆசீர்வதித்து வரைவது.

என் உடம்பைக் கேட்டிருக்கிறாய். கோயில் யானை என்னைப் பார்த்தால் பொறாமையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முந்தாநாள் நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரு தூணில் லேசாகச் சாய்ந்தேன். தூண் அரையடி நகர்ந்துவிட்டதாம், தேவஸ்தானத்தில் புகார். இனிமேல் சாய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நிற்க. நீ அனுப்பிய படத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து மூன்று நாளாகத் தியானம் செய்கிறேன். அடடா! திராட்சை ரசத்துக்கு இப்படி ஓர் அரண்மனையா! கண்ணாடிக் கதவு, மரத்தட்டு, உள்ளே நிலா உதித்தாற்போல நீல வெளிச்சம். மத்தியானம் கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் அந்த வெளிச்சம் நிற்கிறது. நேற்று உன் மாமி பார்த்துவிட்டாள்.

"என்ன அது படம்?"

"சொர்க்கவாசல்" என்றேன்.

"ரெண்டு அறை இருக்கே?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. அங்கேயும் சேர்ந்தே இருக்கணும்னா பெருமாளுக்கே பாவமா இருக்காதா?"

கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். இந்த சாம்ராஜ்யத்தில் ஃபிரிட்ஜுக்கு அனுமதி கிடையாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். பெருமாளுக்கு அமுது செய்விக்கிற பாலும், நான் மிச்சம் வைத்த குழம்பும் ஒரே பெட்டிக்குள் ஒரே காற்றை மூச்சு விடலாமா என்பது அவள் கட்சி. காஞ்சிபுரம் முழுவதும் குளிர்ந்தாலும் எங்கள் அகம் குளிராது.

இப்போது வாரியத்தின் சார்பில் என் கேள்விகள். கம்ப்ரஸர் உள்ளதா, இல்லாததா? இல்லாததை வாங்காதே, அது விசிறிமட்டைக்குத் தம்பி. வோல்டேஜ் எவ்வளவு இறங்கினால் தாங்கும்? இங்கே முகூர்த்த நாளில் காந்தி ரோடு பட்டுக்கடைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏ.சி.யைத் தட்டிவிடும், எங்கள் தெரு பல்பு மூக்குப்பொடி டப்பியின் அடி மாதிரி மங்கும். அந்தச் சோதனையில் தேறுகிற பெட்டிதான் பெட்டி. கடைசியாக ஒன்று: அந்த வெள்ளை அறை இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்காமல், எட்டுக்கு மேலே ஏறாமல் நாள் பூராவும் நிற்குமா? சும்மா பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
காஞ்சி மண்டல மின்னலுக்கெல்லாம் மேலாளராக இருந்து ஓய்ந்த
உன் மாமா


சின்ன காஞ்சிபுரம்
4 மார்ச் 2002

செல்லம் ஸௌம்யாவுக்கு மாமி குமுதவல்லி ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்னா இருக்கணும். நான் எழுதினது உன் மாமாவுக்குத் தெரியக் கூடாது. தபால்காரர்கிட்ட நானே கையில குடுத்து அனுப்பறேன்.

மாமாவுக்குச் சர்க்கரை ரொம்ப ஏறிப்போச்சு. தீபாவளிலேர்ந்து ஊசி. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டிருக்கார். முக்கியமா உன்கிட்ட. "அவ மனசுல என்னைப் பத்தி ஒரு படம் இருக்குடி, அதுல ஊசி இல்லை"ங்கறார்.

அந்த மருந்தைக் குளிர்ச்சியா வைக்கணுமாம். பெட்டி வேண்டாம்னு நான் சொன்னேன். பக்கத்தாத்து ஃபிரிட்ஜ்ல வெச்சா தெருவுக்கெல்லாம் தெரிஞ்சுடும், கூடாதுன்னு அவர் சொன்னார். ரெண்டு பேர் பிடிவாதமும் சேர்ந்து அதைக் கிணத்துல இறக்கிடுத்து. ஒரு பித்தளைத் தூக்குல போட்டு, மூடியை மெழுகால அடைச்சு, கயித்தைக் கட்டி நான்தான் இறக்கறேன். நம்ம அத்தி வரதர் திருக்குளத்துக்கு அடியில நாப்பது வருஷம் சயனிச்சுண்டிருக்காரே, அவருக்கு ஒண்ணும் ஆகலையே, மருந்துக்கு என்ன ஆயிடும்னு என் புத்திக்குத் தோணித்து.

ஆனா சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் மருந்தைக் கூட்டிண்டே போறார். கிணத்துல இருக்குன்னு அவருக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு.

நீ அனுப்பின படத்தைப் பார்த்தேன். எனக்கும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அது எதுக்கான பெட்டின்னும் தெரியும். இருக்கட்டும். அதுல ரெண்டு அறையும் நெஜமாவே தனித்தனியா, இல்லை பார்வைக்கு மட்டும்தானா? சும்மா கேட்டேன்.

மாமி


சிங்கப்பூர்
20 மார்ச் 2002

மாமாவுக்கு ஸௌம்யாவின் நமஸ்காரங்கள். இங்கே சௌக்கியம். நீங்கள் தூணை நகர்த்தியது படித்து ஸ்ரீகர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உங்கள் கேள்விகளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் மிஸ்டர் லிம் பொறுமைசாலி. வெள்ளை அறையை ஐந்தில் வைத்தால் ஐந்திலேயே நிற்குமாம். "இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவுல என்ன ஒயின் வைக்கப் போறீங்க மேடம்?" என்றார். எங்கள் ஊர்ப் பழக்கம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கண்ணாடிக் கதவு போட்ட உயரமான பெட்டி ஒன்றில் ஸ்ரீகர் மயங்கிக் கிடக்கிறார். அதைத் தொட்டுப் பார்க்கிற பார்வையில் என்னைப் பார்த்து நாளாகிறது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு உதவி மாமா. பழைய காலத்தில் புட்டிகளைக் கிணற்றில் இறக்கிக் குளிர வைப்பார்களாம், ஸ்ரீகர் எங்கோ படித்திருக்கிறார். நம்ம காஞ்சிபுரத்துக் கிணறு எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். ஒரு தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்து எழுத முடியுமா? எண் எவ்வளவு என்று கட்டாயம் எழுதுங்கள். அவசரம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா சொல்லவில்லை.

உங்கள்
ஸௌம்யா


சின்ன காஞ்சிபுரம்
12 ஏப்ரல் 2002

புது வருஷம் பிறக்கப் போகிற நேரத்தில், குழந்தை ஸௌம்யாவுக்கும் ரசவாதி ஸ்ரீகருக்கும் மாமாவின் வண்டி வண்டியான வாழ்த்து. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வடை தட்டி மாடியில் காய வைத்தால் வெந்தே வந்துவிடுகிறது. எண்ணெய் மிச்சம். உடம்புக்கு என்ன, கல்லு மாதிரி.

உன் ஆணைப்படி கிணற்று ஆராய்ச்சி நடந்தது. முதலில் வீட்டு ஜுரமானியை இறக்கினேன். அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "கிணத்துக்கு ஜுரம் இல்லை" என்று மாமிக்கு அறிவித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு பால் சொசைட்டியில் இருக்கிற கலியாணசுந்தரத்திடம் கெஞ்சி நீளத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அடித்தண்ணீர் வரை விட்டு, ஒரு வெற்றிலை போடுகிற நேரம் வைத்திருந்து இழுத்தேன்.

இருபத்தெட்டு.

மறுபடி விட்டேன். இருபத்தெட்டேதான். கையில் மொண்டால் ஐஸ் மாதிரி இருக்கிற தண்ணீர்! அறுபது வருஷமாக இந்தக் கிணறு என்னை நம்ப வைத்து ஏமாற்றியிருக்கிறது பார். கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகமும் ஒரு துண்டு வானமும் ஆடிக்கொண்டிருந்தன. மாமி பின்னால் வந்து நின்று, "எவ்வளவு?" என்று கேட்டாள். "போதுமான குளிர்ச்சி" என்று சொல்லிவிட்டேன். ஸ்ரீகருக்கு மட்டும் உண்மையைச் சொல், கிணறு ஒயினுக்கு லாயக்கில்லை.

அன்று மத்தியானம் ஒரு சொப்பனம். நான் உன் பெட்டியின் கீழறையில், மரத்தட்டில், புட்டியைப் படுக்க வைப்பதுபோலக் கழுத்துச் சற்றுத் தாழப் படுத்திருக்கிறேன். நீல வெளிச்சம் தண்ணீர் மாதிரி ஆடுகிறது. மீன் ஒன்று காதோரம் போகிறது. பார்த்தால் அது பெட்டி இல்லை, அனந்தசரஸ் குளம். பக்கத்துத் தட்டில் யார் என்கிறாய்? சாட்சாத் அத்தி வரதர். எழுபத்தொன்பதில் அவர் குளத்திலிருந்து எழுந்தருளியபோது அஞ்சு வயசு உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேவித்தேனே, அதே திருமுகம். "ஓய் கிருஷ்ணஸ்வாமி, தள்ளிப் படும்" என்றார். தள்ளினேன். "நான் எழுந்திருக்க இன்னும் பதினேழு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் தாங்குவீரா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கரண்ட் போய்விட்டது. விசிறி நின்று, வேர்த்து எழுந்துவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் நீ என்னைத் தோளில் தூக்க வேண்டும் என்று அன்றைக்கே ஒப்பந்தம், ஞாபகம் இருக்கிறதா? இப்போதிருந்தே தண்டால் எடு.

இப்படிக்கு,
வெந்தும் வேகாத
மாமா


சிங்கப்பூர்
21 மே 2002

அன்புள்ள மாமா, ஸௌம்யா சேவித்துக்கொள்கிறேன். இங்கே சௌக்கியம். புது வருஷத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் இரண்டு கடிதம் போட்டேன். நாலு தடவை போன் செய்தேன். மாமி எடுத்து, "தூங்கறார்" என்கிறாள். காலை பத்து மணிக்கும் தூங்குகிறீர்கள், சாயங்காலம் ஐந்துக்கும் தூங்குகிறீர்கள். தூக்கத்துக்கு நடுவில் ஒரு கார்டாவது போடுங்களேன். யானை, தூண் எதுவும் வேண்டாம். "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை போதும்.

ஸௌம்யா


சின்ன காஞ்சிபுரம்
31 மே 2002

ஸௌம்யாவுக்கு மாமி ஆசீர்வாதம். எல்லாரும் க்ஷேமம்னுதான் எழுத ஆரம்பிக்கணும், கை வரலை.

கருட சேவை அன்னிக்கு விடியக்காலை, பெருமாள் கோபுரத்தைத் தாண்டி வரச்சே, கையெடுத்துக் கும்பிட்டுண்டே நின்னவர் அப்படியே சரிஞ்சுட்டார். அத்தனை கூட்டத்துல யாரோ பட்டுக்கடைக்காரா நாலு பேர் தூக்கிண்டு ஓடினா. ஆஸ்பத்திரியில மூணு நாள். இப்போ ஆத்துக்கு வந்தாச்சு, பயம் இல்லை.

டாக்டர் கேட்டார், மருந்தை எங்கே வெச்சிருந்தேள்னு. நான் கிணத்துலன்னேன். அவர் கோவிச்சுக்கலை. கோவிச்சிண்டிருந்தாத் தேவலை. "அம்மா, மாசக்கணக்கா வெச்சா அது வெயில்ல வெச்ச மாதிரிதான், மருந்துல ஒண்ணுமே மிச்சம் இருந்திருக்காது"ன்னார். இத்தனை நாள் வெறும் தண்ணியையா என் கையால குத்தியிருக்கேன்?

இப்போ நான் அவரைக் கேக்காமலே புது மருந்தைப் பக்கத்தாத்து ரேணுகாகிட்ட குடுத்திருக்கேன், கண்ணுக்குப் போடற சொட்டு மருந்துன்னு சொல்லி. ரெண்டு வேளையும் போய் வாங்கிண்டு வரேன். உங்க ஆத்துக்காரருக்குக் கண்ணு அவ்வளவு மோசமான்னு அவ கேக்கறா.

ஸௌம்யா, அந்த ரெண்டு அறைப் பெட்டி. மேலறை பெருமாளுக்கு. பால், வெண்ணெய், துளசி, புஷ்பம். கீழறை மாமாவுக்கு. இதோட காத்து அதுக்குப் போகாதுன்னு தெரிஞ்சா நான் சரிங்கறேன். பெருமாளும் சரிம்பார், நான் கேட்டுட்டேன். ஆனா நான் சொல்லித்தான் நீ அனுப்பறேன்னு அவருக்குத் தெரிஞ்சா, பெட்டியை வாசலோட திருப்பி அனுப்பிடுவார். எப்படியாவது நீதான் யோசிக்கணும்.

மாமி


சின்ன காஞ்சிபுரம்
11 ஜூன் 2002

தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டிய ஸௌம்யாவுக்கு மாமாவின் ஆசி, நேரிலே வந்து தலையில் கை வைத்தது போல.

நீ கேட்ட ஒற்றை வார்த்தை: இருக்கேன்.

தூக்கம் தூக்கம் என்று மாமி சொன்னது நிஜம். கும்பகர்ணன் வந்து பாடம் கேட்டுப் போனான். நடுவில் சில நாள் வெளியூர்ப் பயணம் போல ஒன்று வாய்த்தது. எல்லாம் வெள்ளை வெளேரென்று ஓர் இடம். சுவர் வெள்ளை, படுக்கை வெள்ளை, நடமாடுகிறவர்கள் வெள்ளை. மேலே ஒரு விசிறி மிக மெதுவாக, நினைத்துக்கொண்டாற்போலச் சுற்றும். அது பாற்கடலேதான் என்று தீர்மானித்துக் காலை நீட்டிவிட்டேன். வாசல்வரை போய்ப் பார்த்தேன், வோல்டேஜ் குறைவாக இருந்தது, புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கூட்டத்தில் கொஞ்சம் மூச்சு முட்டியது, அவ்வளவுதான். யாராவது ஏதாவது சொன்னால் நம்பாதே.

பெட்டி வாங்கியாயிற்றா? எனக்கு இப்போதெல்லாம் எழுதக் கொஞ்சம் கை சோர்கிறது. மற்றபடி கோயில் யானைக்கும் எனக்கும் சமாதானம்.

மாமா


சிங்கப்பூர்
27 ஜூன் 2002

மாமாவுக்கும் மாமிக்கும் ஸௌம்யாவும் ஸ்ரீகரும் சேர்ந்து சேவித்து எழுதுவது. உங்கள் கடிதத்தை நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். பாற்கடலிலிருந்து திரும்பி வந்ததற்கு நன்றி மாமா.

பெட்டி வாங்கியாயிற்று. கதையைக் கேளுங்கள்.

ஸ்ரீகர் மயங்கிய உயரப் பெட்டியின் கீழறையில் ஒரு கட்டிப் பெருங்காயத்தையும் மேலறையில் ஒரு முழம் மல்லிகையையும் வைத்து மூடச் சொன்னேன். மிஸ்டர் லிம் என்னையும் பெருங்காயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், இது வெடிக்குமா?" என்றார். மறுநாள் போய்த் திறந்தோம். மல்லிகையில் சாம்பார் வாசனை! தடுப்புப் பலகையில் ஓர் ஓட்டை, அதன் வழியாக ஒரே காற்றை ஒரே விசிறி இரண்டு அறைக்கும் தள்ளுகிறது. அறை இரண்டு, மூச்சு ஒன்று. இப்படியே நாலு பெட்டி. நாலிலும் மல்லிகை தோற்றது. கடை முழுக்க நம்ம சமையலறை மாதிரி மணத்தது.

கடைசியில் மூலையில் ஒன்று. பார்க்க மூட்டை முடிச்சு மாதிரி. இரண்டு கதவு, இரண்டு கம்ப்ரஸர், நடுவில் திடமான சுவர். மறுநாள் திறந்தால் மல்லிகை மல்லிகையாகவே இருந்தது. நீல வெளிச்சம் மட்டும் இதிலும் உண்டு. ஸ்ரீகர் அந்த அழகுப் பெட்டி முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அவரே போய் இதற்குப் பணம் கட்டினார்.

இப்போது உங்கள் உதவி வேண்டும். எங்கள் ஃபிளாட்டில் இதை வைக்க இடமில்லை. இன்னும் சில வருஷத்தில் சென்னைக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறோம். அங்கே வோல்டேஜில் இது தாங்குமா என்று இப்போதே தெரிய வேண்டும். முகூர்த்த நாள் சோதனையை உங்களைவிட்டால் யார் நடத்துவார்கள்? ஊருக்குத் திரும்பும் நண்பர் ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு உங்கள் முகவரிக்கே அனுப்புகிறோம். கீழறையை ஐந்திலேயே வைத்திருங்கள். காலியாக மட்டும் விடக் கூடாது, இந்த ரகத்துக்கு அது ஆகாதாம். சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளாக ஏதாவது எப்போதும் உள்ளே நிற்க வேண்டும். என்ன புட்டி என்பது உங்கள் இஷ்டம். நான் கேட்க மாட்டேன்.

உடம்பு எப்படி இருக்கிறது மாமா?

ஸௌம்யா


சின்ன காஞ்சிபுரம்
8 செப்டம்பர் 2002

பெட்டி தந்த பெருமாட்டி ஸௌம்யாவுக்கும், விட்டுக்கொடுத்த வள்ளல் ஸ்ரீகருக்கும் மாமா நெஞ்சு நிறைய வாழ்த்தி எழுதுவது. உடம்பு, ஆகா, மலை.

பெட்டி எழுந்தருளிய வைபவத்தை என்னவென்று சொல்ல! காந்தி ரோட்டில் போக்குவரத்து நின்றது. பல்லவ ராஜா வந்தபோதுகூட இவ்வளவு ஜனம் கூடவில்லை, நான் விசாரித்துவிட்டேன். டெம்போ குமாரவேல் எங்கள் வாசலில் நிறுத்தி, அட்டைப்பெட்டியின் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான். தெருவே காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"சாமி, இன்னா சாமி இது, ஒயின்னு போட்டுக்கீது? உங்க தெருவுலயா எறக்கச் சொல்ற?"

"அது கம்பெனி பேருப்பா" என்றேன்.

"கம்பெனி பேரா? பக்கத்துல கிளாஸ் படம் வேற இருக்குது?"

"அது தீர்த்தம் சாதிக்கற கிளாஸ். எறக்குப்பா!"

"எறக்கிக்கினேதான் இருக்கேன். பயமா இருக்குது, அதான் கேட்டேன்."

மாமி அட்டையைத் தானே கிழித்துப் போட்டாள். பெட்டியைத் துடைத்து, தீர்த்தம் தெளித்து, கோலம் போட்டு, மேல் கதவில் திருமண் இட்டாள். நான் மெதுவாக, "குமுதா, இந்தப் பெட்டி எதுக்காகப் பண்ணினதுன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"எதுக்குப் பண்ணினாங்கறது பெட்டிக்குத் தெரியாது. நாம எதை வெக்கறோமோ, அதுதான்" என்றாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இவளிடம் எதையாவது மறைத்துவிட்டதாக நான் நினைத்ததெல்லாம் என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

இப்போது மேலறையில் பால், வெண்ணெய், துளசி. கீழறையில், நீ சொன்னபடியே, சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள். என்ன புட்டி என்று நீ கேட்க மாட்டேன் என்றாய். நானும் சொல்லவில்லை. வெள்ளை ரகம். ஆவணி முகூர்த்தத்தில் பட்டுக்கடைகள் அத்தனையும் சேர்ந்து வோல்டேஜைக் குடித்தபோது, நான் ஸ்டெபிலைசர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தெரு முழுக்க மங்கியது. இது மட்டும் அசையவில்லை. ஐந்து, ஐந்து, ஐந்து.

சாயங்கால வேளையில் மாமி விளக்கேற்றப் போகும்போது கூடத்து விளக்கைப் போடாமல் இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நீல வெளிச்சம் தரையில் விழுந்து, குளத்தில் கோபுர நிழல் ஆடுவதுபோல ஆடுகிறது. மேலே துளசி தூங்குகிறது. கீழே நான் இருக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானும் பேசாமல் இருப்பேன் என்பதை நீ நம்ப மாட்டாய்.

மாமா


சிங்கப்பூர்
24 நவம்பர் 2002

அன்புள்ள மாமாவுக்கு ஸௌம்யாவின் நமஸ்காரம். எல்லாரும் சௌக்கியம். ஸ்ரீகர் தன் புட்டிகளைச் சிநேகிதர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, சின்னதாக ஓரறைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டார். அதில் ஒரே ஒரு புட்டியை மட்டும் தொடவே மாட்டேன் என்கிறார். வருஷக்கணக்கில் படுத்திருந்தால்தான் அது தேறுமாம். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். "அத்தி வரதர் எழுந்திருக்கட்டும்" என்றார்.

உங்களிடம் எப்போதும் கேட்கிறதைத்தான் இப்போதும் கேட்கிறேன். உடம்பு எப்படி இருக்கிறது?

ஸௌம்யா


சின்ன காஞ்சிபுரம்
19 டிசம்பர் 2002

ஸௌம்யாவுக்கு மாமா ஆசீர்வாதம்.

மார்கழி பிறந்துவிட்டது. காலையில் பனி. கோயிலிலிருந்து பாசுரம் வருகிறது, பாதி கேட்கிறது.

ஒவ்வொரு கடிதத்திலும் என் உடம்பைக் கேட்கிறாய். சொல்கிறேன். எனக்குச் சர்க்கரை. போன வருஷம் தீபாவளியிலிருந்து ஊசி. கருட சேவையில் நான் விழுந்தது கூட்டத்தால் இல்லை. கிணற்றில் இருபத்தெட்டு என்று பார்த்த அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. மாமியிடம் சொன்னால் அவள் தன்னையே நொந்துகொள்வாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் சொல்லாமல் உனக்கு எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நீயும் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரு ஃபிரிட்ஜைப் பற்றியே பேசி முடித்துவிட்டோம்.

இப்போது பரவாயில்லை. காலில் எரிச்சல் உண்டு, முன்னைவிடக் குறைச்சல். மாமிதான் ஊசி போடுகிறாள். கீழறையைத் திறக்கும்போது ஒரு குளிர் முகத்தில் வந்து படும். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

மாப்பிள்ளையிடம் சொல். பத்தொன்பதில் எனக்கு எழுபத்தெட்டு. அவர் புட்டி தேறும்வரை நானும் இருக்கப் பார்க்கிறேன். தோளில் தூக்கச் சொன்ன ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுகிறேன். அன்றைக்கு வரிசையில் நிற்கும்போது கையைப் பிடித்துக்கொள், போதும்.

கிருஷ்ணஸ்வாமி மாமா